கெப் வண்டிக்கு ரயர், ரிம்: கேளுங்க, சொல்றன்

கெப் (பிக்கப்), ஜீப் ரயர் மட்டும் கேளுங்க. மோட்டார் சைக்கிள் வேற ஆக்கள் பார்ப்பாங்க.

செங்கலடி: அண்ணே, ஹைலக்ஸ் டபுள் கெப். இப்ப 265/65 ஆர் 17 கிடக்கு. தினமும் உன்னிச்சைப் பக்கம் கிறவல் றோட்டால வயலுக்குப் போறன். 18 ரிம் ஒன்று பார்த்து வச்சிருக்கன், வடிவா இருக்கு. போடவா?

வடிவுதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா கணக்கைப் பாருங்க தம்பி. 265 எண்டது ரயர்ட அகலம், மில்லிமீற்றர்ல. 65 எண்டது அந்த அகலத்தில நூற்றுக்கு 65 பங்கு சுவர் உசரம், அதாவது 172. 17 எண்டது ரிம் அளவு, இஞ்சியில. ரயர்ட முழு உசரம் 776. 18 ரிம்முக்கு 265/60 போட்டா முழு உசரம் 775, மாத்தமில்ல. சுவர் மட்டும் 159க்கு இறங்கிரும். குழியில விழுந்தா ரிம் அடிபடாமக் காப்பாத்துறது அந்தச் சுவர்தான். 16 ரிம்மில 265/70 போட்டா முழு உசரம் 777, சுவர் 185. உங்கட றோட்டுக்கு நான் அதைத்தான் சொல்லுவன். வாங்க முந்தி ஒரு ரிம்மை மாட்டி, பிரேக் கலிப்பர்ல முட்டுதா எண்டு கையால சுத்திப் பாருங்க.

கல்முனை: 33 இஞ்சி உசர ரயர் போடலாமா?

17 ரிம்மில அது கிட்டத்தட்ட 285/70, முழு உசரம் 831. மேல சொன்ன 265/65 ரயரை விட 55 கூட, ஆனா வண்டி உசர்றது அதில பாதி, 27 மில்லிமீற்றர்தான். அதுக்குப் பதிலா இழுவை குறையும். மீற்றர் 60 காட்டேக்க நீங்க 64ல போவீங்க. ஸ்ரெயரிங்கை முழுசா வெட்டினா மட்கார்ட்ல உரசும். நெல் மூட்டை ஏத்திக்கிட்டு பள்ளத்தில இறங்கினா இன்னும் மோசம்.

ஏறாவூர்: வண்டியை லிப்ட் பண்ணி உசத்தாம 33 போடலாமா?

மேல பாருங்க.

அக்கரைப்பற்று: போர்ட் ரேஞ்சர் ரிம் நாலு மலிவா வந்திருக்கு. ஹைலக்ஸுக்குப் போகும்தானே? ரெண்டும் ஆறு நட்.

நட் வட்டம் ரெண்டுக்கும் 139.7தான் நானா. நடு ஓட்டை ரேஞ்சருக்கு 93.1, ஹைலக்ஸுக்கு 106.1. ஹப்பில இறங்கவே இறங்காது. ஓட்டையைக் கடைஞ்சு பெரிசாக்கினாலும் ரேஞ்சர் ஒப்செட் (ரிம்மிட நடுக்கோட்டில இருந்து நட் பூட்டுற முகம் எவ்வளவு வெளிய எண்டது) 55, உங்கட 30. சில்லு 25 மில்லிமீற்றர் உள்ளுக்குப் போயிரும். அப்ப ஒருத்தர் வந்து ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில ஸ்பேசர் தட்டுப் போடச் சொல்லுவார். கேக்காதீங்க. நிசான் நவாராட ரிம் வந்தா தொடவும் வேணாம், கனக்க மொடலுக்கு அதுட வட்டம் 114.3.

வாகரை: கரையில வலையும் ஆக்களும் ஏத்திப் போறம், புதையிது. அகலமான ரயர் எடுக்கவா?

காசு செலவழிக்க முந்தி காத்தை இறக்குங்க. 35 பிஎஸ்ஐ இருந்தா மணல்ல 18க்கு இறக்குங்க. ரயர் நிலத்தில படுற இடம் நீளமாகும். அகலத்தை விட அந்த நீளம்தான் வண்டியைத் தூக்கும். 15க்குக் கீழ போனா ரிம்மை விட்டு ரயர் கழரலாம், சடாரெண்டு வெட்டித் திருப்பாதீங்க. தார் றோட்டுக்கு ஏற முந்தி திரும்ப அடிக்கணும், அதால ஒரு சின்னக் கொம்பிரசரும் காத்து மீற்றரும் வாங்குங்க. ரிம் பிறகு.

வெல்லாவெளி: நான் வயசாளி. எங்கட பழைய ஜீப்புக்கு 7.50-16, ஒல்லி ரயர். மாரி காலத்திலும் வயல் வட்டைக்குப் போய் வந்தம். இந்த அகல ரயரெல்லாம் படம் காட்டத்தான்.

பொத்துவில்: ஐயா, அந்த ஒல்லி ரயரோட பானமைப் பக்க மணலுக்க ஒருக்கா வாங்க பாப்பம்.

வெல்லாவெளி: நீங்க உங்கட அகல ரயரோட பெரும்போகத்தில இங்க வாங்க.

செங்கலடி: ஐயா சொல்றது சரி, என்ட சித்தப்பாட ஜீப்பும் அப்படித்தான்.

ரெண்டு பேரும் உங்க உங்க நிலத்தைத்தான் பேசுறீங்க. கிறவல் றோட்டில மழைச்சேறு ஒரு சாண்; கீழ கெட்டி நிலம். அங்க ஒல்லி ரயர் சேத்தை வெட்டிக்கிட்டு அடியைப் பிடிக்கும், அகலம் மேல வழுக்கும். ஐயா ஓடினது அந்த வட்டை றோட்டில. மணலுக்கு அடியில பிடிக்க ஒண்டுமில்ல, அதால மேல மிதக்கணும். தம்பியும் சரி. ஆனா உழுத வயல் களிக்குள்ள ரெண்டும் போகாது ஐயா, பல்லுக்க களி அப்பினா எம்.டி எண்ட சேத்து ரயரும் மொட்டை ரயர்தான். ரெக்டரைக் கூப்பிடுங்க.

பொத்துவில்: அப்ப 33 அகலமாப் போட்டா...

இல்ல.

திருக்கோவில்: பின்னுக்கு மட்டும் பெரிய சைஸ் போடலாமா? முன்னுக்குக் கம்பனி சைஸ்.

வேணாம். உங்கட வண்டியில போர் வீல் போட்டா முன்னும் பின்னும் ஒரே சுத்து சுத்தணும். சைஸ் வேறெண்டா கியர் பெட்டிக்குள்ள இறுகி உடைக்கும். நாலும் ஒரே சைஸ், தேய்மானமும் கிட்டத்தட்ட ஒண்டா.

காத்தான்குடி: பழைய ரயர், பல்லு நல்லா இருக்கு. எதைப் பார்த்து எடுக்க?

சுவர்ல டொட் (DOT) எழுத்துக்குப் பின்னால கடைசி நாலு இலக்கம். 2316 எண்டா 2016ஆம் வருசம் 23ஆம் கிழமை செய்தது. பல்லு எவ்வளவு இருந்தாலும் அது வேணாம். சைஸுக்குப் பின்னால பார இலக்கம் 112 எண்டு இருந்தா ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும். மூட்டை ஏத்துறவர் அதுக்குக் குறைய எடுக்காதீங்க. சுவர்ல மயிர் வெடிப்பு இருக்கா எண்டு மடக்கிப் பாருங்க.

மட்டக்களப்பு: கறுப்பு ரிம்மா, வெள்ளி ரிம்மா?

வீட்டில கேளுங்க.

அக்கரைப்பற்று: ஸ்பேசர் 25 மில்லிமீற்றர்தானே, என்ன வரப்போகுது?

நானா, சில்லு வெளிய தள்ளினா பாரம் பெயரிங்கில ஏறும். நட் லூசானா ஸ்பேசரோட சில்லும் சேர்ந்து கழரும். அந்த ரிம்மை ரேஞ்சர் வச்சிருக்கிற ஆருக்காவது வித்துப்போடுங்க.