கிட்டார் கேள்வி–பதில்: இரண்டு கம்பி, மூன்று ஃப்ரெட்

டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் 1972 ஆல்பமான ‘மெஷின் ஹெட்’டில் வந்த ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாடலைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: அந்தப் பாடலின் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) மிகத் தடிமனான ஆறாவது கம்பியில் ஒற்றை நோட்டுகளாக வாசிக்கிறேன். சுரம் எல்லாம் சரி, ஆனால் பாட்டில் கேட்கும் கனம் வரவே இல்லை.

வராது. குழுவின் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் அதை ஒற்றை நோட்டில் வாசிக்கவில்லை. 4-வது, 3-வது கம்பிகளைச் சேர்த்து வாசிக்கிறார். இரண்டிலும் ஒரே ஃப்ரெட் (0 என்றால் அழுத்தாத, திறந்த கம்பி): 0–3–5, 0–3–6–5, 0–3–5–3–0. மெட்டு 3-வது கம்பியில் இருக்கிறது: ஜி, பி ஃபிளாட், சி, நடுவில் ஒரு டி ஃபிளாட். 4-வது கம்பி ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு ஃபோர்த் கீழே, அதாவது ச–ம இடைவெளியில், கூடவே வருகிறது.

கனம் வரும் வழி சுவாரசியமானது. திறந்த 4-வது கம்பி சுமார் 147 ஹெர்ட்ஸ், 3-வது 196. இரண்டும் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் (ஆம்ப் ஒலியைக் கரகரப்பாக்குவது) போகும்போது அவற்றின் வித்தியாசமான 49 ஹெர்ட்ஸும் புதிதாகப் பிறக்கிறது. அது 3-வது கம்பியின் ஜி-க்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஜி. யாரும் மீட்டாத சுரம் அடியில் நின்று தாங்குகிறது. டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசித்தால் இதே ரிஃப் மெலிந்து கேட்பதற்கும் இதுதான் காரணம்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. 3-வது கம்பி 1 ஹெர்ட்ஸ் ஏறினால் அந்தக் கம்பியில் பிசகு 9 சென்ட்தான் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). அடியில் பிறக்கும் சுரமோ 35 சென்ட் ஏறிவிடும். 3-வது கம்பியை வேண்டியதற்கு மேல் அழுத்தினாலே சுருதி ஏறும். 3-வது ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரலையும் 5-க்கு மோதிர விரலையும் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்க வையுங்கள். சத்தம் சுத்தமாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். 6-வது ஃப்ரெட்டுக்கு மோதிர விரலையே ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் போதும்.

கேள்வி: பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிப்பது தவறா?

தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த ஒலி வராது. பிக் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு கம்பியைத் தொட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடும். பிளாக்மோர் இந்த ரிஃபுக்கு விரலைப் பயன்படுத்துகிறார். கட்டை விரலை 4-வது கம்பியிலும் ஆள்காட்டி விரலை 3-வது கம்பியிலும் வைத்து, கிள்ளுவதுபோல ஒரே நொடியில் விடுங்கள். அடுத்த சுரத்துக்கு விரல்கள் மீண்டும் கம்பியில் அமரும்போது முந்தையது தானாக அணையும். திறந்த கம்பிகள் இழுபடுவதுதான் இந்த ரிஃபில் பெரும்பாலானோரின் குறை. அதற்கு இதுவே மருந்து.

கேள்வி: ஒரிஜினலோடு சேர்த்து வாசித்தால் ரிஃபின் இரண்டாவது வரியில் (0–3–6–5) தவறாமல் விலகிவிடுகிறேன்.

முதல் மூன்று சுரங்கள் 1, 2, 3 என்று எண்ணிக்கையின்மேல் நேராக விழுகின்றன. அதே பழக்கத்தில் அடுத்த நான்கையும் எண்ணிக்கையின்மேல் வைத்துவிடுகிறோம். உண்மையில் அவை அரையிடம் தள்ளித் தொடங்குகின்றன: ஜி, 4-க்குப் பின் அரையில், பி ஃபிளாட், அடுத்த 1-க்குப் பின் அரையில், டி ஃபிளாட், 2-க்குப் பின் அரையில், கடைசி சி மட்டும் நேராக 3-இல் இறங்கி நிற்கிறது. மூன்றாம் வரி முதல் வரியைப் போலவே தொடங்கி, பி ஃபிளாட்டும் ஜி-யும் மறுபடி அரையில் விழுந்து முடியும்.

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, காலால் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பாருங்கள். வாயில் வராதது கையில் வராது. பிறகு மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்குங்கள். பாடல் ஏறத்தாழ 112-இல் ஓடுகிறது. யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கினால் 84 கிடைக்கும், அது நல்ல இடைநிலை. ஸ்டுடியோ பதிவையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிட்டார் தனியாகத் தொடங்கி, மற்ற கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பேஸ் கிட்டார் கடைசியில் நுழைவதால் உங்கள் பிசகு முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். மேடைப் பதிவுகளில் பிளாக்மோர் தொடக்கத்தை இஷ்டப்படி மாற்றி விளையாடுவார், அவை பிறகு.

கேள்வி: ஆம்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெய்னை முழுவதும் திருப்பினால் இரைச்சல், குறைத்தால் உயிர் இல்லை. எங்கே வைப்பது?

10-இல் 4 அல்லது 5. பேஸ் 4, மிடில் 6, ட்ரெபிள் 6, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப். இது தொடக்கம்தான், உங்கள் ஆம்புக்கு ஏற்ப நகர்த்துங்கள். மிடிலைக் குறைக்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள், தனியாக வாசிக்கும்போது நன்றாக இருப்பது குழுவில் காணாமல் போகும். இன்னொன்று: பதிவில் நீங்கள் கேட்கும் பருமன் முழுவதும் கிட்டாருடையதல்ல. குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்பில் செலுத்தி அதே ரிஃபை வாசிக்கிறார். அதை உங்கள் கெய்ன் திருகில் தேடினால் இரைச்சல்தான் கிடைக்கும்.

கேள்வி: வீணை கற்றவள். சோலோவில் வரும் பெண்டிங் (கம்பியைத் தள்ளிச் சுருதி ஏற்றுவது) எனக்கு எளிதாக வரவேண்டாமா?

காது உங்களுக்கு ஏற்கெனவே தயார். கைதான் மாறவேண்டும். வீணையின் மெட்டுகள் (ஃப்ரெட்டுகள்) உயரமானவை, விரல் கீழே எதையும் தொடாமல் கம்பியை இழுக்கலாம். கிட்டாரில் விரல்நுனி மரத்தில் உரசும். (ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்த கிட்டார்களை பிளாக்மோர் விரும்பியது இதனால் உங்களுக்கு உடனே புரியும்.) 3-வது கம்பியின் 7-வது ஃப்ரெட்டை வாசித்து டி-யைக் காதில் வாங்குங்கள். பிறகு 5-வது ஃப்ரெட்டில் மோதிர விரலை வைத்து, பின்னால் மற்ற இரண்டு விரல்களையும் துணைக்கு நிறுத்தி, கட்டை விரலைக் கழுத்தின் மேல் விளிம்பில் கொக்கிபோட்டு, மணிக்கட்டைத் திருப்பி அதே டி-க்குத் தள்ளுங்கள். விரல் மூட்டுகளால் தள்ளினால் வலிதான் மிஞ்சும். போய்ச் சேர்ந்ததும் முதலில் அசையாமல் நிறுத்துங்கள். அசைவு பிறகு: சற்றே தளர்த்தி, மீண்டும் டி-க்கே வரவேண்டும். டி-யைத் தாண்டினால் சுருதி கலைந்ததாகவே கேட்கும்.

கேள்வி: அகௌஸ்டிக் மட்டுமே இருக்கிறது. முடியுமா?

ரிஃபும் தாளமும் முடியும். பெண்டிங் வேண்டாம், பெரும்பாலான அகௌஸ்டிக் செட்டுகளில் 3-வது கம்பி சுற்றுக்கம்பி, முழுச்சுரம் ஏறுவதற்குள் விரல் புண்ணாகும். எலெக்ட்ரிக் வாங்கும்போது மெல்லிய கம்பிகளான 9–42 செட் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரிஃப் வந்துவிட்டது. அடுத்து?

பாடும் பகுதி. 6-வது கம்பியின் 3-வது ஃப்ரெட்டில் ஜி, 1-வது ஃப்ரெட்டில் எஃப் பவர் கார்டுகள் (மூலச் சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும்). பல்லவிக்கு 5-வது கம்பியின் 3-வது ஃப்ரெட்டில் சி, 6-வதின் 4-வது ஃப்ரெட்டில் ஏ ஃபிளாட். இங்கே பிக் தேவைப்படும். ரிஃபில் இருந்து இதற்கு மாறும் கணத்தில் பிக்கை எங்கே வைத்திருப்பது என்பதே பலருக்கும் சிக்கல். நடுவிரலை மடக்கி பிக்கை உள்ளங்கையோடு பிடித்துக்கொண்டால் ஆள்காட்டியும் கட்டை விரலும் கிள்ளுவதற்கு விடுபட்டு நிற்கும்.