மூன்றாவது ஆளைத் தேடியவர்கள்
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சோவியத் நூல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பற்றிப் பதில் எழுதியபோது, ரஷ்ய மொழியில் ‘மூவராக’ என்ற ஒற்றைச் சொல்லுக்கே ‘சேர்ந்து குடிப்பது’ என்ற பொருள் ஏறிவிட்டது என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். புத்தகங்களைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே அதிகம். அவற்றில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை என்பதால், இந்த இதழை அந்த வாசகர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஐயா, அது ஏன் மூவர்? இருவராகவோ நால்வராகவோ குடித்தால் ஆகாதா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், அரூர்

காரணம் நட்பு அன்று, கணக்கு. 1960-களில் அரை லிட்டர் வோட்கா 2 ரூபிள் 87 கோபெக்குக்கு விற்றது (நூறு கோபெக் ஒரு ரூபிள்). ஆளுக்கு ஒரு ரூபிள் போட்டால் மூன்று ரூபிள் சேரும். புட்டி வாங்கியது போக மிஞ்சும் 13 கோபெக்கில் கடித்துக்கொள்ள ஏதாவது வாங்கலாம். இருவர் என்றால் ஆளுக்கு ஒன்றரை ரூபிளுக்கு அருகில் விழும். அது தொழிலாளிக்குக் கை கடிக்கும். நால்வர் என்றால் பங்கு போதாது.

இதற்குப் பின்னால் ஓர் அரசாணையும் இருக்கிறது. குருசேவ் காலத்தில், 1958 டிசம்பரில், சாதாரண உணவகங்களிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் வோட்காவைக் கோப்பைக் கணக்கில் விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். குடியைக் குறைக்க வந்த அந்த ஆணை, ஒரு கோப்பையோடு வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய மனிதனை முழுப் புட்டி வாங்கும்படி கடைக்கு அனுப்பியது. அந்தக் காலத்துப் புட்டிகள் பலவற்றுக்கு மெல்லிய உலோகத் தகடுதான் மூடி என்பதால், ஒருமுறை கிழித்தால் மறுபடி மூட வழியில்லை. திறந்ததை அங்கேயே முடித்தாக வேண்டும். எனவே கடை வாசலில் நிற்பவர் தம் மேற்சட்டையின் மார்புப் பட்டையில் இரண்டு விரல்களை வைத்துக் காட்டுவார். ‘நாங்கள் இருவர் இருக்கிறோம், மூன்றாமவர் வேண்டும்’ என்பது அதன் பொருள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார். மாடிப்படி முடக்கிலோ பூங்காப் பலகையிலோ காரியம் முடியும். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்து போவார்கள். நம் ஊர்க் கடை வாசலில் ஒரு குவார்ட்டரை இரண்டாகப் பிரிக்கக் ‘கட்டிங்’குக்கு ஆள் தேடுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பங்கு பிரிப்பதில்தான் கைத்திறமை. அரை லிட்டரை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 167 கிராம் வரும். (ரஷ்யர்கள் வோட்காவை மில்லி லிட்டரில் சொல்வதில்லை, கிராமில்தான் சொல்வார்கள்.) தேர்ந்த கை, கோப்பையைப் பார்க்காமல், புட்டியின் கழுத்திலிருந்து வரும் ‘களக், களக்’ ஒலியை எண்ணியே மூவருக்கும் சமமாக ஊற்றிவிடும். அந்தக் கோப்பையும் பெரும்பாலும் கடன் வாங்கியதுதான். தெருவில் சோடா நீர் தரும் தானியங்கிப் பெட்டிகளில் பொதுப் பயன்பாட்டுக்காக ஒரு கண்ணாடிக் கோப்பை இருக்கும். ஒரு கோபெக் போட்டால் வெறும் சோடா, மூன்று கோபெக் போட்டால் இனிப்புப் பாகு கலந்த சோடா. மூவர் கூட்டணி அதை எடுத்துக்கொண்டு போகும். சில நாணயஸ்தர்கள் திருப்பிக்கொண்டு வந்தும் வைப்பார்கள். நம் தேநீர்க் கடைகளில் கண்ணாடிக் குவளை பக்கவாட்டில் பட்டை பட்டையாக இருக்குமே, ஏறக்குறைய அந்தச் சாயலில் ஆனால் தடித்த கண்ணாடியில் ஆன கோப்பை அது. கூஸ் கிருஸ்தால்னி என்ற கண்ணாடித் தொழில் நகரில் 1943-இல் செய்யத் தொடங்கினார்கள். மேல் விளிம்புக் கோடு வரை ஊற்றினால் 200 கிராம், தளும்பத் தளும்ப ஊற்றினால் 250.

போர்க்களத்தில் சோவியத் வீரர்களுக்கு வோட்கா கொடுத்துத்தான் சண்டையிட வைத்தார்கள் என்று எங்கள் பட்டாளத்தில் ஒரு பேச்சு உண்டு. உண்மையா?
– முன்னாள் படைவீரர், பாலக்கோடு

கொடுத்தது உண்மை, கொடுத்துத்தான் சண்டையிட்டார்கள் என்பது மிகை. பின்லாந்துப் போரின் கடுங்குளிரில், 1940 தொடக்கத்தில், இந்த வழக்கம் தொடங்கியது. ஜெர்மனி படையெடுத்த பிறகு, 1941 ஆகஸ்ட் மாதம் நாட்டுப் பாதுகாப்புக் குழு ஓர் ஆணை பிறப்பித்து, செப்டம்பர் முதல் நாளிலிருந்து போர்முனை வீரருக்கு நாளொன்றுக்கு 40 பாகை (அதாவது 40 விழுக்காடு சாராயம் உள்ள) வோட்கா 100 கிராம் என்று நிர்ணயித்தது. ‘மக்கள் ஆணையரின் நூறு கிராம்’ என்று இதற்குப் பெயரே ஏற்பட்டது (மக்கள் ஆணையர் என்றால் அன்றைய சோவியத் அமைச்சர்). பின்னர் யாருக்கு, எப்போது என்ற விதிகள் பலமுறை மாறின. தாக்குதலுக்கு முன் குடித்தவர் நிதானம் இழந்து வீணாக மடிவார் என்று அதைத் தொடாமல் வைத்திருந்த மூத்த வீரர்களைப் பற்றிய நினைவுகள் ஏராளம். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அந்த நூறு கிராம் பழக்கத்தையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. நம் படைவீரர் குடும்பங்களில் ‘மிலிட்டரி ரம்’ வந்து சேர்ந்த வழியும் இதைப் போன்றதுதான் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

குடியை முதலாளித்துவத்தின் நோய் என்று சொன்ன பொதுவுடைமை அரசே வோட்கா விற்றது முரண் இல்லையா?
– கல்லூரி மாணவி, காவேரிப்பட்டினம்

முரண்தான்; அதை அவர்களே உணர்ந்திருந்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் ஜார் மன்னர் கொண்டுவந்த மதுவிலக்கைப் புரட்சிக்குப் பிறகு போல்ஷெவிக்குகள் நீக்கவில்லை, தொடர்ந்தார்கள். லெனின் வோட்கா விற்பனையை எதிர்த்தவர். ஆனால் அவர் மறைந்த 1924-லேயே 30 பாகைச் சரக்கு கடைக்கு வந்துவிட்டது. அப்போதைய அரசின் தலைவர் அலெக்ஸேய் ரீக்கவின் பெயரால் மக்கள் அதை ‘ரீக்கவ்கா’ என்று கேலியாக அழைத்தார்கள். 1925-இல் 40 பாகை வோட்கா அரசின் ஏகபோகச் சரக்காகத் திரும்பி வந்தது. வெளிநாட்டுக் கடனுக்கு அடிமையாவதா, வோட்கா விற்பதா என்ற இரண்டில் பின்னதைத் தேர்ந்தோம் என்று அந்த ஆண்டு கட்சி மாநாட்டில் ஸ்டாலின் நியாயம் கூறினார். 1930 செப்டம்பரில் தம் நெருங்கிய சகா மொலட்டோவுக்கு எழுதிய கடிதத்தில் நியாயம் கூறும் தேவையும் போய்விட்டது: படையைப் பெருக்கப் பணம் வேண்டும், பொய்யான வெட்கத்தை விட்டுவிட்டு வோட்கா உற்பத்தியை இயன்ற அளவு கூட்ட வேண்டும் என்பதே அதன் சாரம்.

அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு ஒரே அரசு ஒரு கையால் குடியைக் கண்டிக்கும் சுவரொட்டியை ஒட்டி, மறு கையால் புட்டியை நீட்டியது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கி, 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்ட மாநிலத்தில் வாழும் நமக்கு, ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்ற வாசகம் எங்கே அச்சிடப்பட்டிருந்தது என்பது தெரியாதா?

குடிப்பவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பென்னாகரம்

நியாயமான குறை. சம்பள நாளன்று ஆலை வாசலில் கணவன் வெளியே வரும்வரை காத்து நின்று, அவன் கடைப் பக்கம் திரும்புவதற்குள் பணத்தை வாங்கிக்கொண்ட மனைவியர் எல்லா ஆலை நகரங்களிலும் இருந்தார்கள். தெருவில் விழுந்து கிடப்பவரைக் காவலர்கள் ‘போதை தெளிவிக்கும் நிலைய’த்துக்கு அள்ளிச் செல்வார்கள். இரவு முழுவதும் அங்கே கிடத்தி, காலையில் அந்தப் படுக்கைக்கு உரிய கட்டணத்தை வசூலித்து, அவர் வேலை செய்யும் இடத்துக்கும் ஒரு தகவல் அனுப்பிவிடுவார்கள். அதனால் ஊக்கத்தொகை போகும். வீடு ஒதுக்கீட்டு வரிசையில் இடம் பின்னுக்குத் தள்ளப்படும். ஆக, அபராதத்தில் பாதி குடும்பத்தின் தலையில்தான் விழுந்தது. திருந்தாதவர்களை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கட்டாயமாக அடைத்து வைத்துச் சிகிச்சையும் வேலையும் கொடுக்கும் முகாம்கள் 1960-களின் பிற்பகுதியிலிருந்து பெருகின. கணவனை அங்கே அனுப்பும்படி மனைவியே மனு எழுதிக் கொடுப்பதும் உண்டு. அந்த மனுவை எழுதிய கையின் நிலையை நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றுள் மனத்தை விட்டு அகலாதது அதுதான்.

சோவியத் போர் விமானத்தில் சாராயம் ஊற்றினார்களாமே?
– வாசகர், ஓசூர்

எரிபொருளாக அன்று, குளிர்விக்க. மிக்-25 விமானத்தின் மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கத் தண்ணீரும் எரிசாராயமும் கலந்த நீர்மம் பெருமளவில் தேவைப்பட்டது. தரைப் பணியாளர்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதை, அந்த விமானத்துக்கு அவர்கள் வைத்த ‘பறக்கும் மளிகைக்கடை’ என்ற பெயரே சொல்லிவிடும். நம் விமானப்படையிலும் 1981 முதல் 2006 வரை மிக்-25 இருந்தது. அங்கே என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நம் மண்ணில் பிறந்த ராஜாஜி செய்ததைத்தான் கோர்பச்சேவும் செய்தார் என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் நடைமுறைப்படுத்தினார். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்துக்குள் அடக்கம். எனவே கள்ளுக்கடை மூடிய முதல் ஊர்களில் உங்கள் ஊரும் ஒன்று. ஆனால் கஜானாவில் விழும் ஓட்டையை அவர் முன்கூட்டியே கணக்கிட்டார். ஒரே மாவட்டத்தில் தொடங்கி மெல்ல விரித்தார். இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வசவும் வாங்கிக்கொண்டார்.

கோர்பச்சேவ் கட்சியின் பொதுச் செயலாளராகப் பதவிக்கு வந்து இரண்டே மாதங்களில், 1985 மே மாதம், நாடு முழுவதற்கும் ஒரே வீச்சில் ஆணை பிறந்தது. அது முழு மதுவிலக்கு அன்று. கடைகளைக் குறைத்தார்கள், பிற்பகல் இரண்டு மணிக்கு முன் விற்பனை இல்லை என்றார்கள், வாங்கும் வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்தினார்கள், விலையையும் ஏற்றினார்கள். திருமணங்களில் தேநீர்ப் பானையில் கொன்யாக் பிராந்தியை ஊற்றி வைத்து, ‘மதுவில்லாத் திருமணம்’ என்று பெயர் வாங்கினார்கள். பொதுச் செயலாளரை ‘மினரல் செயலாளர்’ என்று மக்கள் நையாண்டி செய்தார்கள். ரஷ்ய மொழியில் இரண்டு சொற்களும் எதுகையாக ஒலிக்கும். மால்தோவா, ஜார்ஜியா, கிரிமியா ஆகிய பகுதிகளில் திராட்சைத் தோட்டங்களையே வேரோடு பிடுங்கினார்கள். நல்ல ஒயினுக்கும் மலிவு வோட்காவுக்கும் வேறுபாடு தெரியாத அதிகாரிகளின் மடமை அது. கொடிகளைக் காக்கப் போராடிய கிரிமிய ஆய்வு நிலையத் தலைவர் பாவெல் கோலத்ரிகா 1986-இல் தற்கொலை செய்துகொண்டார்.

பிறகு சர்க்கரை காணாமல் போயிற்று. வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல் பானைகளை மலையடிவாரங்களில் மதுவிலக்குக் காவலர்கள் கொட்டி அழித்த செய்திகளைப் படித்து வளர்ந்த நம் மாவட்டத்தாருக்குக் காரணம் உடனே விளங்கும். அங்கே சர்க்கரையும் ஈஸ்டும்தான் ஊறல். மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடியில் அதைக் கரைத்து, ஜாடியின் வாயில் ஒரு ரப்பர்க் கையுறையை மாட்டிக் கட்டி, அடுக்களை மூலையில் வைத்துவிடுவார்கள். முதல் நாள் கையுறை துவண்டு தொங்கும். நுரைத்து வாயு கிளம்பக் கிளம்ப ஒவ்வொரு விரலாக உப்பி, கடைசியில் முழுக் கையும் நிமிர்ந்து நின்று சலாம் வைக்கும். அதற்கு ‘கோர்பச்சேவுக்கு வணக்கம்’ என்று பெயர். 1988-இல் பல நகரங்களில் சர்க்கரையைக் கூப்பனுக்குத்தான் கொடுத்தார்கள். அதற்குள் 1986-இல் எண்ணெய் விலையும் சரிந்துவிட்டதால், வோட்கா வருவாயையும் எண்ணெய் வருவாயையும் ஒருங்கே இழந்த கஜானா தள்ளாடியது. இயக்கம் சத்தமின்றிக் கைவிடப்பட்டது.

இருந்தும் அதை வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ரஷ்யாவில் ஆண்களின் சராசரி ஆயுள் 1984-இல் ஏறத்தாழ 62 ஆண்டு. 1987-இல் அது 65-ஐ நெருங்கியது. அவ்வளவு குறுகிய காலத்தில் அத்தனை ஏற்றம் சாதாரணம் அன்று.

கிவாஸ் என்பதும் மதுவா?
– வாசகர், ஊத்தங்கரை

பெயருக்குத்தான். ரை என்ற தானியத்தில் சுட்ட ரொட்டியைப் புளிக்க வைத்து எடுக்கும் பானம், போதை ஏறாது. மஞ்சள் நிறப் பீப்பாய் வண்டியைத் தெருவோரம் நிறுத்தி, சிறு குவளை மூன்று கோபெக், பெரியது ஆறு கோபெக் என்று விற்பார்கள், குழந்தைகளும் குடிப்பார்கள். நம் நீராகாரத்தின் புளிப்பை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.

ஆற்றங்கரை முழுவதும் உடைந்த புட்டிகள். பரிசல் ஓட்டும் எங்களுக்குக் காலை வைக்க இடமில்லை. அவர்கள் நாட்டிலும் இப்படித்தானா?
– பரிசல் ஓட்டுநர், ஒகேனக்கல்

குறைவு, ஏனென்றால் வெறும் புட்டிக்கு விலை இருந்தது. அரை லிட்டர் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் நெடுங்காலம் 12 கோபெக், பின்னர் 20 கோபெக். இரண்டு புட்டி சேர்ந்தால் ஒரு ரொட்டி வாங்கிவிடலாம் என்பதால், மூவர் குடித்து எழுந்ததும் அந்தப் புட்டிக்காகச் சற்றுத் தள்ளிக் கைப்பையோடு ஒரு மூதாட்டி காத்திருப்பார். இங்கே காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று 2022-இல் நீலகிரியில் தொடங்கிய டாஸ்மாக் திட்டம் இதே வழியில்தான் போகிறது. ஆனால் புட்டியைக் கொடுப்பது சோவியத் நாட்டில் அத்தனை எளிதன்று. வாங்கும் பெண்மணி ஒவ்வொரு புட்டியின் வாயையும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். விளிம்பில் அரிசியளவு சில்லு தெறித்திருந்தாலும் தள்ளிவிடுவார். அவர் இல்லாத நாள்களில் சன்னலில் ஓர் அட்டை தொங்கும்: ‘பெட்டி இல்லை’. அதாவது புட்டிகளை அடுக்கக் காலிப் பெட்டி இல்லை, நாளை வாருங்கள்.