ஒரு நாளைக்கு இரண்டு பலகை: மரக்கப்பல் மாதிரி கட்டுவோர் கேள்விகளுக்குப் பதில்

மரத்தில் கப்பல் மாதிரி கட்டத் தொடங்கியிருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இன்று பதில் எழுதுகிறேன். 22 வருடமாக இதில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தது பாய்மரக் காலத்துக் கப்பல்கள் மட்டும். கேட்பதற்கு முன் மேலே உள்ள பதில்களை ஒரு தடவை படித்துவிடுங்கள், அது போதும்.

கேள்வி: அக்கா, கிட் வாங்கி எட்டு மாதமாகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன், மலைப்பாக இருந்தது, மூடிவிட்டேன். "உனக்குப் பொறுமை கிடையாது, இதெல்லாம் உனக்கு எதுக்கு" என்கிறார்கள் வீட்டில். எங்கே தொடங்குவது?

பொறுமை பிறவிக் குணம் இல்லை. வேலையை எந்த அளவில் நறுக்கிக்கொள்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கப்பலின் நடுப்பகுதியில், மேல்தளத்திலிருந்து அடிக்கட்டை (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) வரை ஒரு பக்கச் சுற்றளவு 100 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பலகைக் கீற்றின் அகலம் 5 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு பக்கத்துக்கு 20 பலகை. ஒரு மாலைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பசை காயட்டும், எழுந்து போங்கள். 20 மாலையில் முதல் அடுக்கு முடிந்துவிடும். இரண்டு பலகை ஒட்டும் பொறுமை இல்லாதவர் யாருமில்லை.

முதல் வாரம் பசையைத் தொடவே வேண்டாம். கீற்றுகளைத் தடிமன் வாரியாகப் பிரித்துக் கட்டி, சீட்டு எழுதி ஒட்டுங்கள். பொதுவாக 1.5 மில்லிமீட்டர் தடிமனில் வெளிர்நிறக் கீற்று இருந்தால் அது உள்ளடுக்கு. 0.5 மில்லிமீட்டரில் கருமையான வால்நட் இருந்தால் அது வெளியடுக்கு. மாற்றி ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு அடிக்கட்டையில் குறுக்குச் சட்டங்களை, அதாவது பல்க்ஹெட்களை, பசையில்லாமல் செருகிப் பாருங்கள். எதையும் ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பாருங்கள். இதை இன்று இன்னும் சில தடவை சொல்வேன்.

கேள்வி: முதல் பலகையை வைத்துப் பார்த்தால் முன்பக்கப் பல்க்ஹெட்களில் ஒரு விளிம்பில் மட்டும்தான் தொடுகிறது. கிட்டில் தவறா?

கிட் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் இன்னும் சீவவில்லை. லேசரில் வெட்டிய பல்க்ஹெட்டின் விளிம்பு நேர்ச் சதுரமாக இருக்கும். கப்பலின் பக்கமோ அணியத்தை, அதாவது முன்முனையை, நோக்கி வளைந்து குறுகிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு விளிம்பையும் சாய்வாகத் தேய்க்க வேண்டும். பலகை வேலை அழகாக வருமா வராதா என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது. புதியவர்கள் ஓடித் தாண்டும் இடமும் இதுதான்.

லேசர் வெட்டிய விளிம்பு கருகிப் பழுப்பாக இருக்கும். அந்தக் கருகலையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பாதிச் சட்டங்களில் அணியத்தைப் பார்த்த பக்கத்தைத் தேய்த்து இறக்க வேண்டும். பின்பக்க ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கருகல் கோடு மிஞ்ச வேண்டும். அந்தக் கோடு அழிந்தால் அளவுக்கு மேல் தேய்த்துவிட்டீர்கள். பின்பாதிச் சட்டங்களில் அப்படியே நேர் எதிர். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள், பள்ளம் விழும். நீளமான மட்டக் கட்டையில் ஒட்டி, ஒரே இழுப்பில் மூன்று சட்டங்களாவது படும்படி தேயுங்கள். அவ்வப்போது ஒரு கீற்றைக் குறுக்கே படுக்க வைத்து, பின்னாலிருந்து விளக்குப் பிடியுங்கள். கீற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்த இடத்தில் இன்னும் வேலை இருக்கிறது. நான் இதற்கு மட்டும் நாலைந்து மாலை எடுத்துக்கொள்வேன். அணியத்தில் முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் பால்சா போன்ற மெத்தென்ற மரத்தை அடைத்துச் செதுக்கிவிடுங்கள், பலகைக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கேள்வி: வெள்ளைப் பசையா, சூப்பர் குளூவா?

பலகைக்கு வெள்ளைப் பசை. நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தரும். தவறினால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவிக் கழற்றலாம். சூப்பர் குளூ ஊறிய மரத்தில் வார்னிஷ் இறங்காது, திட்டாகத் தெரியும். அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: பலகையை எவ்வளவு நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்? ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்தும் வளைக்கும்போது ஒடிகிறது.

பலகையை வளைப்பது சூடு. தண்ணீர் அதற்குத் துணை. மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும், ஆறியதும் புது வடிவத்திலேயே இறுகும். கொஞ்சம் ஈரமாக்கி, இஸ்திரிப் பெட்டி முனையிலோ ஹேர் டிரையர் காற்றிலோ காட்டி மெதுவாக வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஊறிய பலகை அகலத்தில் உப்பியிருக்கும். அதை அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி, பலகைக்குப் பலகை இடைவெளி விடும். முழுக்கக் காய்ந்தபிறகே ஒட்டுங்கள்.

ஒடிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பலகையை அதன் அகலவாக்கில், பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கிறீர்களா? அப்படிச் செய்தால் ஓரம் மேலே எழும்பிக்கொண்டு நிற்கும். அணியத்தில் இடம் குறைவதால் பலகையையே ஒடுக்க வேண்டும். ஒரு காகிதக் கீற்றை பல்க்ஹெட் மேல் சுற்றி அளந்து பாருங்கள். நடுவில் 100 மில்லிமீட்டர், அணியத்தில் 64 என்று வந்தால், 20 பலகைக்கு அங்கே ஆளுக்கு 3.2 மில்லிமீட்டர். ஒவ்வொரு பலகையையும் 5-லிருந்து 3.2-க்குச் சீராக ஒடுக்குங்கள். பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். அதற்கும் குறைவாகக் கணக்கு வந்தால் சில பலகைகளை வழியிலேயே நிறுத்தி, பக்கத்துப் பலகையை அகலமாக்கி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். உண்மைக் கப்பல் தச்சர்களும் அதைத்தான் செய்தார்கள்.

கேள்வி: ரிமோட்டில் ஓடும் மோட்டார் படகுக்கு எந்த மரம் நல்லது?

என் துறை இல்லை. ஓடும் படகு கட்டுபவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: பலகை ஒட்ட எந்தப் பசை?

மேலே மூன்றாவது கேள்வி.

கேள்வி: இடப்பக்கமும் வலப்பக்கமும் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் வித்தியாசமாக வந்துவிட்டது. பிரித்துவிடட்டுமா?

வேண்டாம். ஸ்வீடனின் வாசா கப்பல் 1628-இல் முதல் பயணத்திலேயே சுமார் 1,300 மீட்டர் போய்க் கவிழ்ந்தது. 1961-இல் வெளியே எடுத்து ஆராய்ந்தபோது அதன் இரு பக்கமும் சமமாக இல்லை என்று தெரிந்தது. கப்பலிலேயே நான்கு அளவுகோல்கள் கிடைத்தன. இரண்டு, 12 அங்குலமாகப் பிரித்த ஸ்வீடிஷ் அடி. மற்ற இரண்டு, 11 அங்குலமாகப் பிரித்த ஆம்ஸ்டர்டாம் அடி. அது கவிழ்ந்ததற்கு முதன்மைக் காரணம் மேல்பாரம்தான், ஆனால் பாடம் நமக்கும் உண்டு: ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசி வரை அதிலேயே அளவெடுங்கள். இரண்டு பக்கமும் பலகையை ஜோடியாக ஒட்டச் சொல்வதும் இதற்காகத்தான். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். உங்கள் 2 மில்லிமீட்டர் வெளியடுக்கில் மறைந்துவிடும்.

கேள்வி: என் முதல் கப்பல் எச்.எம்.எஸ். விக்டரிதான் என்று முடிவெடுத்துவிட்டேன். ஏன் எல்லோரும் தடுக்கிறீர்கள்?

அது பிரிட்டிஷ் கடற்படையின் பழைய பெரிய போர்க்கப்பல். அதில் 104 பீரங்கிகள். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால்கூட, ஒரே வேலையை 104 மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கயிறு கட்டும் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. பலகை ஒட்டத் தெரியாமல் தொடங்கினால், பலகை ஒட்டக் கற்றுக்கொள்வதே அந்தக் கப்பலின் மேல்தான் நடக்கும். கற்றுக்கொண்டதும் உங்கள் பழைய வேலையை உங்களாலேயே பார்க்கச் சகிக்காது. அங்கேதான் நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள். சின்னப் படகில் தொடங்குங்கள்.

கேள்வி (இன்னொருவர்): மன்னிக்கணும் மேடம். நான் முதலில் கட்டியதே விக்டரிதான். 11 வருடம் ஆனது, முடித்தேன். உங்களைப் போன்றவர்கள் இப்படிச் சொல்லிச் சொல்லியே புதியவர்களின் ஆசையைக் கொன்றுவிடுகிறீர்கள்.

முடித்ததற்கு என் மனமார்ந்த பாராட்டு. உண்மை விக்டரிக்கே 1759-இல் அடிக்கட்டை போட்டு, நீரில் இறங்க 1765 ஆனது. கடற்படைப் பணியில் சேர 1778 ஆனது. உங்கள் 11 வருடத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் முடித்தவர் குரல் மட்டும்தான் நமக்குக் கேட்கிறது. பாதியில் பரணில் ஏற்றியவர்கள் வந்து எதுவும் சொல்வதில்லை. அவர்கள் கைவிட்டுக் கொடுத்த பெட்டிகள் மூன்று என்னிடமே இருக்கின்றன. மூன்றும் அணியத்துப் பலகையில் நின்றவை.

கேள்வி (அதே நபர்): சின்னப் படகு கட்டச் சொன்னால் சலித்துப்போய் அதையும் விட்டுவிடுவார்கள். எனக்கு அந்த 11 வருடமும் தெம்பு கொடுத்தது அந்தக் கப்பல் மேல் இருந்த ஆசை.

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆசையில்லாத கப்பலை யாரும் முடிக்க மாட்டார்கள். "சின்னதாக ஏதாவது கட்டு" என்று நான் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவந்தது தவறுதான். அதனால் விக்டரி கேட்டவருக்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். பெரிய போர்க்கப்பல்கள் தம்மோடு படகுகளைச் சுமந்து சென்றன. அப்படிப்பட்ட ஒரு படகை 1:24 அளவில் முதலில் கட்டுங்கள். அடிக்கட்டை, வங்கு (பலகையைத் தாங்கும் விலாச் சட்டம்), பலகை, ஒடுக்குதல் எல்லாம் அதில் இருக்கிறது, பீரங்கி மட்டும் இல்லை. சில மாதத்தில் முடியும். விக்டரியின் வரைபடத்தைச் சுவரில் மாட்டி வையுங்கள். விக்டரி முடியும் நாளில் இந்தப் படகு அதன் பக்கத்தில் நிற்கட்டும். 11 வருடக்காரர் இதை ஏற்பார் என்று நம்புகிறேன்.

கேள்வி (அதே நபர்): ஏற்கிறேன். ஆனால் சுவரில் மாட்டியது இறங்கி வர வேண்டும்!

இறங்கி வரும்.

கேள்வி: என் கப்பலின் படத்தைக் காட்டினேன். எல்லோரும் அருமை என்றார்கள். ஒருவர் மட்டும் அணியத்தில் பலகைகள் ஏறி வருகின்றன, தவறு என்றார். அன்றிலிருந்து மேஜைப் பக்கமே போகவில்லை.

அந்த ஒருவர்தான் உங்கள் படத்தை உற்றுப் பார்த்திருக்கிறார்.

என் முதல் கப்பலை முடியும்வரை யாருக்கும் காட்டவில்லை. கூச்சம். இரண்டு வருடம் கழித்து ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். கண்ணாடியைக் கழற்றி, அணியத்தை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் ஆறாவது பலகையை ஒருமுறை நீவினார். "இங்கே ஏறத் தொடங்கியிருக்கு. இந்த ஆறாவது பலகையோட வந்திருந்தா பத்து நிமிஷ வேலைம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கப்பல் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஆறாவது பலகை இன்னும் ஏறித்தான் நிற்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கப்பலையும் பாதியில் காட்டாமல் நான் முடித்ததில்லை.

அதனால் வெளியடுக்கு ஒட்டுவதற்கு முன் காட்டுங்கள். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் உங்களால் திருத்த முடியாது. பக்கவாட்டில் விளக்கை வைத்து, கேமராவைக் கப்பலின் உயரத்துக்கே இறக்கி, அணியத்துக்கு நேரெதிரே ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று எடுங்கள். மேலேயிருந்து எடுத்த படத்தில் எந்தத் தவறும் தெரியாது.

மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறும் "அருமை" என்று சொல்லிப் போவது உதவி ஆகாது. பத்துக் குறையையும் ஒரே மூச்சில் அடுக்குவதும் உதவி ஆகாது. இப்போது திருத்தக்கூடிய குறை ஒன்றைச் சொல்லுங்கள், எப்படித் திருத்துவது என்பதையும் கூடவே எழுதுங்கள். அந்த ஒருவர் இதைப் படித்தால், திருத்தும் வழியை இவருக்கு எழுதிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கயிற்று ஏணிப் படிகளின் இடைவெளி எவ்வளவு?

உண்மையில் 13 முதல் 15 அங்குலம். 1:64 அளவில் 5 முதல் 6 மில்லிமீட்டர். அட்டையில் கோடு போட்டுப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். குளோவ் ஹிட்ச் முடிச்சை இறுக்கி இழுக்காதீர்கள், ஏணி நடுவில் இடுப்பு ஒடுங்கிவிடும்.

கேள்வி: பத்து வருடத்துக்கு முந்தைய கப்பலில் உலோக நங்கூரம், பீரங்கி மேல் வெள்ளைப் பொடி பூக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.

அது ஈயம் அரிப்பது. பொடி, ஈயக் கார்பனேட். ஓக் மரமும் சில ஒட்டுப்பலகைகளும் அசெட்டிக் அமில ஆவி விடும். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அது தங்கி ஈயத்தைத் தின்கிறது. துடைத்துத் தீராது. கையுறை போட்டுக் கழற்றுங்கள், பொடியை ஊதாதீர்கள், ஈயம் நஞ்சு. பித்தளையில் மாற்றி, பெட்டியில் காற்றோட்டத்துக்குத் துளை வையுங்கள்.

கேள்வி: பசை எது நல்லது என்று யாராவது சொல்லுங்களேன்.

மூன்றாவது முறை கேட்கப்படுகிறது. வெள்ளைப் பசை. ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பாருங்கள். இனிமேல் பசைக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: உப்புத்தாள் தேய்க்க முகக்கவசம் தேவையா? கொஞ்ச நேரம்தானே.

தேவை. கடின மரத் தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. கொஞ்ச நேரம் என்றாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாகப் பாதியில் நிற்கிறது அக்கா. பலகைகள் கோணலாகிவிட்டன. தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். வெள்ளைப் பசையில் ஒட்டியிருந்தால், கடைசி மூன்று பலகை மேல் தூரிகையால் ஆல்கஹால் தடவி, சிறிது நேரம் விட்டு, மெல்லிய கத்தி முனையால் ஓரத்திலிருந்து நெம்புங்கள். வரவில்லையென்றால் இன்னொரு தடவை தடவுங்கள், இழுக்காதீர்கள். வங்கில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தைக் காகிதக் கீற்றால் மறுபடி அளந்து, பலகை எண்ணிக்கையால் வகுங்கள். கோணல் எந்தப் பலகையில் தொடங்கியது என்று பார்த்து எழுதுங்கள், அணியத்துக்கு நேரெதிரே எடுத்த ஒரு படத்தோடு. நாளை மாலை உட்கார்ந்து பார்க்கிறேன்.