கறுப்பு பீர் கேக் நடுவில் ஏன் உட்காருகிறது?

காரைக்காலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மருமகள் நனிசைவம். பால், நெய், முட்டை எதையும் தொடமாட்டாள். அவளுக்காக ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் ஊற்றி சாக்லேட் கேக் செய்தேன். மைதா 175 கிராம், சர்க்கரை 200 கிராம், கோகோ 40 கிராம், எண்ணெய் 80 மில்லி, சமையல் சோடா 2 டீஸ்பூன், 330 மில்லி பாட்டில் முழுவதும். ஓவனில் ஜோராக எழும்பிய கேக் இருபது நிமிடத்தில் நடுவில் குழிந்துவிட்டது. அடியில் களி போல இருக்கிறது. வாயில் வைத்தால் சோப்பு வாடை, கசப்பு. எங்கே தப்பு? பேரப்பிள்ளைகள் சாப்பிடலாமா? அடுத்த மாதம் கும்பகோணத்தில் சம்பந்தி வீட்டில் செய்து காட்ட வேண்டும், பாட்டிலை இங்கிருந்தே எடுத்துப் போகலாமா?"

மைதா, சர்க்கரை, கோகோ, எண்ணெய் நான்கும் சரியான அளவு. சோடாவும் பீரும்தான் காலை வாரியிருக்கின்றன. பீர் நுரைக்கிறது, அந்த நுரை கேக்கையும் தூக்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தூக்காது. பீரில் இருக்கும் வாயு, மாவோடு சேர்த்துக் கலக்கும்போதே பெரும்பாலும் போய்விடும். இந்தக் கேக்கில் பீரின் வேலை தண்ணீரின் வேலைதான். கூடவே கொஞ்சம் புளிப்பு, வறுத்த பார்லியின் வாசனை, கசப்பு. ஆகவே தண்ணீரை அளப்பதுபோல அதை அளக்க வேண்டும். பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றக் கூடாது. உங்கள் மாவுக்கு வேண்டியது 240 மில்லி. நீங்கள் 90 மில்லி கூடுதலாக விட்டிருக்கிறீர்கள்.

முட்டை இருந்தால் சூட்டில் அது இறுகிக் கேக்கைத் தாங்கும். இங்கே தாங்குவதற்குப் பெரும்பாலும் மைதாவின் மாவுச்சத்துதான் இருக்கிறது. இத்தனை சர்க்கரை சேர்ந்த மாவில் அது வெந்து இறுகத் தாமதமாகும், தண்ணீர் கூடினால் இன்னும் தாமதம். அதற்குள் 2 டீஸ்பூன் சோடா கிளப்பிய குமிழ்கள் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிடுகின்றன. தாங்க ஆள் இல்லாத நடுப்பகுதி உட்காருகிறது, ஈரம் அடியில் இறங்கிக் களியாகிறது. சோப்பு வாடைக்கும் சோடாவே காரணம். புளிப்பு கிடைக்காமல் மிஞ்சிய சமையல் சோடா, சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும். அதாவது சலவை சோடா. வாடை வராமல் என்ன செய்யும்?

திருத்திய அளவு: 20 சென்டிமீட்டர் (8 இஞ்ச்) வட்ட டின்னுக்கு மைதா 175 கிராம், கோகோ 40 கிராம், சர்க்கரை 200 கிராம், சமையல் சோடா தலைதட்டிய 1 டீஸ்பூன் (5 கிராம்), உப்பு அரை டீஸ்பூன், வாசனை இல்லாத எண்ணெய் 80 மில்லி, வினிகர் 1 டேபிள்ஸ்பூன், வெனிலா 1 டீஸ்பூன், ஸ்டவுட் 240 கிராம். பீரை மில்லியில் அல்லாமல் கிராமில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அளவுக் கோப்பையில் ஊற்றினால் பாதி நுரை நிற்கும், எது கோடு என்று தெரியாது. தராசில் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு ஊற்றினால் நுரை ஏமாற்றாது. 240 மில்லி ஸ்டவுட் ஏறத்தாழ 240 கிராம்தான். கேனுக்குள் சின்ன பிளாஸ்டிக் உருண்டை போட்ட நைட்ரஜன் வகையில் நுரை மிகப் பொடியாக இருக்கும், அடங்க வெகுநேரம் பிடிக்கும். அதற்குத் தராசு கட்டாயம் வேண்டும்.

அளந்த பீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய தீயில் ஆவி கிளம்பும் வரை மட்டும் சூடாக்குங்கள். கொதிக்க வேண்டாம். கோகோவைச் சல்லடையில் சலித்து அதில் போட்டு, கட்டியில்லாமல் கரைத்துப் பத்து நிமிடம் விட்டால், வாயுவும் போய்விடும், கோகோவின் வாசனையும் நன்றாகத் திறந்துகொள்ளும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சர்க்கரை, எண்ணெய், வெனிலா சேர்த்துக் கரையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் மைதா, சோடா, உப்பு மூன்றையும் இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள். இங்கேயே நின்று ஓவனைப் பாருங்கள்: 180 டிகிரிக்குச் சூடாகிவிட்டதா? டின்னில் எண்ணெய் தடவி அடித்தாள் போட்டாயிற்றா? இரண்டும் முடிந்த பிறகுதான் மாவையும் ஈரக் கலவையையும் சேர்க்க வேண்டும், வினிகரைக் கடைசியாக. வினிகர் விழுந்த இடத்தில் மாவு வெளிறிப் பொங்கும். விஸ்க்கால் முப்பது நாற்பது சுற்று, அதற்கு மேல் வேண்டாம். சின்னச் சின்னக் கட்டி தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். அடித்துக்கொண்டே இருந்தால் மைதாவின் பசை இறுகி, கேக்கினுள் புழு போன நீளத் துளைகள் விழும். மாவு தோசைமாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கும், பயந்து இன்னும் மைதா போடாதீர்கள்.

35 முதல் 40 நிமிடம். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. பிறகு நடுவில் ஒரு ஈர்க்குச்சியைச் செருகிப் பாருங்கள். பல்குத்தும் குச்சி அடிவரை எட்டாமல் போகலாம், அப்போது அடியில் களி இருப்பதைச் சொல்லாது. தென்னை ஈர்க்கு எட்டும். மாவு ஒட்டாமல் ஓரிரு ஈரப் பொடி மட்டும் ஒட்டி வந்தால் போதும். டின்னிலேயே 20 நிமிடம், பிறகு கம்பித் தட்டில் இரண்டு மணி நேரம். முட்டையில்லாக் கேக்கைச் சூட்டோடு வெட்டினால் வெந்த கேக்கும் வேகாததுபோலத்தான் இருக்கும். இந்தக் கேக்கின் ருசி மறுநாள்தான் கூடி வரும்.

கோகோ டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். 501 அல்லது 500 என்ற எண்ணோடு அமிலச் சீராக்கி என்று போட்டிருந்தால், அது காரம் ஏற்றிய கோகோ. நிறம் கறுப்பாக, ருசி மெத்தென்று இருக்கும், ஆனால் சோடாவோடு சேர அதில் புளிப்பு இல்லை. அப்படியானால் சோடாவை முக்கால் டீஸ்பூனாகக் குறைத்து, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்க்கவும். எண்ணெயில் சூரியகாந்தி நல்லது. செக்கு நல்லெண்ணெய் கோகோவை அமுக்கிவிடும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதால், மார்கழிக் காலையில் கேக் கட்டையாகத் தெரியும்.

பீர் நனிசைவமா என்பது அதைத் தெளியவைக்கும் விதத்தைப் பொறுத்தது. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்லாஸ் என்ற பொருளைப் போட்டுச் சில பீர்களைத் தெளியவைப்பார்கள். ஸ்டவுட்டுக்குப் பேர்போன கின்னஸ் நிறுவனமும் நெடுங்காலம் அப்படித்தான் செய்தது. அதைக் கைவிடுவதாக 2015-ல் அறிவித்து, அடுத்த சில ஆண்டுகளில் வடிகட்டும் முறைக்கு மாறியது. மற்றொரு பொறி, மில்க் ஸ்டவுட். இதில் பால் சர்க்கரையான லாக்டோஸ் சேர்ப்பார்கள். ஈஸ்ட் அதைத் தின்னாததால் இனிப்பு அப்படியே தங்கிவிடும். பெயரைப் பார்த்து ஏமாறாமல் லேபிளில் லாக்டோஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். ஓட்மீல் ஸ்டவுட்டில் சேர்வது ஓட்ஸ், பாலோடு சம்பந்தமில்லை. சாக்லேட் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளம், அதில் பால் இருக்கலாம். நனிசைவத்துக்குத் தனி முத்திரை உண்டு, 2022-ல் விதிகள் வந்தன.

'ஸ்ட்ராங்' என்று எழுதிய பீர் கறுப்பு பீர் அல்ல. அதில் ஆல்கஹால்தான் கூடுதல், நிறம் பெரும்பாலும் வெளிர் மஞ்சள். அதை ஊற்றினால் கேக்கில் பீர் இருப்பதே தெரியாது. ஸ்டவுட் அல்லது அதன் இனமான போர்ட்டர் வேண்டும், 4 முதல் 6 சதவீதம் போதும். இம்பீரியல் ஸ்டவுட் வேண்டாம், கசப்பு தூக்கிவிடும். பீரைக் கொதிக்கவிடாதீர்கள் என்றதும் இதனால்தான். பீரில் சேரும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தியாகும். சத்து இறங்கட்டும் என்று சுண்டக் காய்ச்சிக் கெடுத்தவர்கள் நிறைய.

குழந்தைகள் விஷயத்தில் 'வெந்தால் எல்லாம் ஆவியாகிவிடும்' என்பதை நம்ப வேண்டாம். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கலவையில் சேர்த்து 30 நிமிடம் வேகவைத்தால் ஆல்கஹாலில் சுமார் 35 சதவீதம் தங்கும். ஒரு மணி நேரம் கழித்தும் 25 சதவீதம் இருக்கும். 4.2 சதவீத ஸ்டவுட் 240 மில்லியில் இருப்பது சுமார் 10 மில்லி ஆல்கஹால். கேக் முழுக்க 3.5 மில்லி மிஞ்சும், பன்னிரண்டு துண்டு போட்டால் துண்டுக்கு 0.3 மில்லி. போதை ஏறும் அளவில்லை, ஆனாலும் இல்லை என்று சொல்ல முடியாது. குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குடியை விட்டவர்களுக்கும், விரதமாக விலக்கி வைத்திருப்பவர்களுக்கும் கொடுக்காதீர்கள். மற்றவர்களிடமும் தட்டை நீட்டுமுன் சொல்லிவிடுங்கள். மேலே பூசும் ஐசிங்கில் பீர் கலந்தால் அது வேகாத பீர், ஒரு சொட்டும் குறையாது.

பாட்டிலை எடுத்துப் போக வேண்டாம். புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்காலில் வாங்கிய மதுவை அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வாஞ்சூரானாலும் நண்டலாறானாலும் எல்லைச் சோதனைச் சாவடியில் கேக்குக்காகத்தான் என்று சொன்னால் எடுபடாது.

கும்பகோணத்தில் அதற்கு அவசியமும் இல்லை, அங்கே டிகாஷன் இருக்கிறது. ஸ்டவுட்டின் கருகல் வாசனை வறுத்த பார்லியிலிருந்து வருவது. வறுத்த காப்பிக்கொட்டையும் சிக்கரியும் அதற்கு நெருங்கிய உறவு. பித்தளை பில்டரில் இறங்கிய முதல் டிகாஷன் 80 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். முளைகட்டிய கேழ்வரகு மாவு 1 டேபிள்ஸ்பூனை வாணலியில் நிறம் மாறும் வரை வறுத்து, 200 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டு வடிகட்டி, டிகாஷனோடு சேர்த்து மொத்தம் 240 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். மால்ட் வாசனை இதிலிருந்து வரும். கடையில் விற்கும் மால்ட் பானப் பொடிகள் பலவற்றில் பால்பொடி இருக்கும், அவை உதவாது. காப்பியின் புளிப்பு பீரைவிடக் குறைவு, ஆகவே வினிகரை 1 டீஸ்பூன் கூட்டுங்கள். சர்க்கரையில் பாதிக்குப் பதிலாக வீரமாங்குடி அச்சு வெல்லத்தைச் சூடான டிகாஷனில் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்க்கலாம். பாதிக்கு மேல் வேண்டாம். வெல்லம் காய்ச்சும்போது அழுக்கெடுக்கச் சுண்ணாம்பும் சோடாவும் போடுவது உண்டு, அது உங்கள் சோடாக் கணக்கைக் குழப்பும்.

சம்பந்தி வீட்டில் ஓவன் இல்லையென்றால் கனமான குக்கர் போதும். கேஸ்கட்டும் விசிலும் எடுத்துவிட்டு, அடியில் இரண்டு டம்ளர் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கி, டின்னை உள்ளே இறக்கியபின் தீயைக் குறையுங்கள். 45 முதல் 55 நிமிடம். மின்வெட்டுப் பயம் இல்லாதது இதன் சௌகரியம். ஓவனில் முதல் இருபது நிமிடத்துக்குள் கரண்ட் போனால் கேக்கைக் காப்பாற்ற வழியில்லை.

மேல்பூச்சுக்கு 100 கிராம் டார்க் சாக்லேட், தண்ணீர் விடாமல் பிழிந்த முதல் தேங்காய்ப்பால் 70 மில்லி. பாலைக் கொதிக்கவிட்டால் திரியும். விளிம்பில் ஆவி கண்டதும் இறக்கி, பொடித்த சாக்லேட்டின் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் மூடிவைத்து, நடுவிலிருந்து கலக்குங்கள். தேங்காய்ப்பால் பூசிய கேக்கை அன்றே தீர்த்துவிட வேண்டும். பூசாதது மூடிய டப்பாவில் மூன்று நாள் தாங்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டாம் நாளே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும்.

காரைக்கால் வீட்டில் இரண்டு வகையும் செய்வதாக இருந்தால் கவனம், வெந்தபின் இரண்டும் ஒரே நிறம். பீர் ஊற்றிய டின்னை ஓவனில் வைக்குமுன் மாவின் நடுவே ஒரு முழு முந்திரியை மேலாக வைத்துவிடுங்கள். முந்திரி இல்லாதது பிள்ளைகளுக்கு.