மூக்கு பதில்கள்: எலுமிச்சையில் வெயில் எங்கே?

போன இதழில் கோடைக்கால சென்ட் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எலுமிச்சைதான். இந்த முறை வேறு எதையும் தொடவில்லை.

கேள்வி: மேடம், பிறந்தநாளுக்கு ஒரு சென்ட் வந்தது. பெட்டியில் நீலக்கடல், வெள்ளைச் சுவர், ஒரு எலுமிச்சைக் கிளை. மத்தியதரைக் கடலின் கோடை வெயிலை அப்படியே பாட்டிலில் அடைத்திருக்கிறார்களாம். அடித்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறதே தவிர வெயிலைக் காணோம். கோளாறு என் மூக்கிலா, பெட்டியிலா?
– ஆர்.கே.

பதில்: மூக்கு நன்றாகவே இருக்கிறது. பெட்டி சொல்வது பாதிப் பொய். அது எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கோடை ஆயிற்று.

சென்ட் கம்பெனியில் முகர்ந்து பார்த்துக் குறிப்பு எழுதும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சேர்த்துவைத்த சம்பளத்தில், ஒரு ஜூலை மாதம், இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் கலாப்ரியாவுக்குப் போனேன். உலகத்துப் பெர்கமோட்டில் பெரும்பங்கு அங்கே ரெஜ்ஜோ நகரத்தை ஒட்டிய ஒடுங்கலான கடலோரத்தில்தான் விளைகிறது. பெர்கமோட் என்றால் புரியாதவர்களுக்கு: ‘ஏர்ல் கிரே’ டீயில் வருகிற அந்த வாசனை. எலுமிச்சைக்கும் கசப்பு ஆரஞ்சுக்கும் பிறந்த பழம்.

மண்டையைப் பிளக்கும் வெயில். தோப்புக்காரப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கல் மாதிரி ஒரு சின்னப் பச்சைக் காயைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். நகத்தால் கீறினேன். இலையைக் கசக்கின மாதிரி ஒரு பச்சை வாசனை, அவ்வளவுதான். “நவம்பர்,” என்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

பெர்கமோட் அறுவடை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பறிக்கிற பழம் அது. அங்கே ஆரஞ்சும் பெரும்பாலும் குளிர்காலத்துச் சரக்குதான். ஆக, நாம் கோடை என்று பூசிக்கொள்வது அந்த ஊர் மார்கழியை.

எலுமிச்சையில் மட்டும் ஒரு தந்திரம் உண்டு. பக்கத்துத் தீவான சிசிலியில் ஜூன், ஜூலை மாதங்களில் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். இலை சுருண்டு தொங்குகிற வரை காயப்போட்டு, பிறகு ஒரேயடியாகப் பாய்ச்சுவார்கள். பயந்துபோன மரம் பருவம் தப்பிப் பூத்துவிடும். அந்தப் பூ காயாகி அடுத்த கோடையில் பச்சை எலுமிச்சையாக இறங்கும். அதற்கு ‘வெர்தெல்லி’ என்று பெயர். மரத்தைத் தாகத்தில் வாட்டி எடுத்த பழம் அது. இருந்தும் அதன் தோல் குளுமையாகத்தான் மணக்கிறது. எனக்கு அது எப்போதும் கொஞ்சம் அநியாயமாகப் படும்.

பழைய ஆட்கள் இதில் நம்மைவிட நேர்மையானவர்கள். கொலோன் என்கிற எலுமிச்சை வாசனைத் தண்ணீருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த ஜொஹான் மரியா ஃபரினா இத்தாலியில் பிறந்தவர். அந்த வாசனையைப் பற்றி 1708இல் சகோதரருக்குக் கடிதம் எழுதியபோது அவர் வெயிலை இழுக்கவே இல்லை. மழை ஓய்ந்த பிறகான இத்தாலிய வசந்தகாலக் காலை நினைவுக்கு வருகிறது என்றுதான் எழுதினார். எலுமிச்சை இனத்துக்குப் பொருத்தமான பருவம் அதுதான்.

சரி, அப்படியானால் வெயில் எங்கே இருக்கிறது? அதற்கு அடுத்த கோடை, கிரேக்க நாட்டின் கிரீட் தீவு. மதியம் இரண்டு மணி, மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு சிஸ்டஸ் புதர். நடக்க நடக்க என் கால்சட்டையில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே வந்தது. ராத்திரி அறைக்கு வந்து கால்சட்டையை நாற்காலியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கத் தேன், தோல்செருப்பு, சாம்பிராணி, சூடேறின கல் எல்லாம் கலந்த ஒரு மணம். மூன்று தடவை துவைத்தும் போகவில்லை.

அந்தப் பிசினுக்கு லாப்டனம் என்று பெயர். வெயில் ஏற ஏறத்தான் செடி அதைக் கசியவிடும். நமக்கு வியர்ப்பது உடம்பைக் குளிரவைக்க. இந்தச் செடி கசிவது இருக்கிற ஈரம் போய்விடாமல் இலையைப் பூசி மூட. அதனால்தான் கிரீட்டில் அதை எடுப்பவர்கள் உச்சிவெயிலில் இறங்குகிறார்கள். நீளக் கைப்பிடியில் தோல்வார்களைக் கட்டிய ஒரு கருவியால் புதரை அடித்துத் துழாவுவார்கள். வாரில் ஒட்டும் பிசினைப் பிறகு சுரண்டி எடுப்பார்கள். அதற்கும் முன்னால் ஆடுதான் கருவி. புதர் மேய்ந்த கிடாயின் தாடியில் ஒட்டிய பிசினை எடுப்பதைப் பற்றிப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மிக நறுமணமான பொருள் மிக நாறுகிற இடத்திலிருந்து வருகிறதே என்று அவருக்கும் ஆச்சரியம்.

காய்ந்த தைம், ரோஸ்மேரி, பைன் பிசின், கோர்சிகா தீவின் ஹெலிக்ரைசம் பூ எல்லாமே இந்தக் கூட்டம்தான். வெயில் அங்கே இருக்கிறது. நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்பார்களே, சென்ட் விஷயத்தில் எலுமிச்சைதான் அந்த நிழல். நல்ல கைகாரர் அடியில் வெயிலைப் போட்டு, மேலே எலுமிச்சையைப் பிழிவார். சோம்பேறி நிழலை மட்டும் விற்பார்.

உங்கள் பாட்டில் எந்த ரகம் என்று பார்க்க வேண்டுமா? மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துவிட்டு மறந்துவிடுங்கள். முதல் இருபது நிமிடத்துத் தீர்ப்பு செல்லாது. இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். பிசின், காய்ந்த புல், உப்பு, ஏதாவது ஒன்று தோலில் கதகதப்பாக இருந்தால் பெட்டியை மன்னித்துவிடலாம். சலவைச் சட்டை வாசனை மட்டும் மிஞ்சியிருந்தால், பெட்டியின் படத்துக்குத்தான் காசு வாங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: எலுமிச்சை சென்ட் எதுவானாலும் அரை மணி நேரத்தில் காணாமல் போய்விடுகிறது. கடைக்காரர் தண்ணீர் கலக்கிறாரா?
– ‘ஏமாந்தவன்’

பதில்: பாவம், கடைக்காரர் மேல் தப்பில்லை. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்; எலுமிச்சையிலும் பெரும்பங்கு அதுதான். சின்ன மூலக்கூறு, லேசானது, ஓடத் தயாராக நிற்பது. சென்ட்டில் முதலில் மூக்கை எட்டுவதும் அதுதான், முதலில் கிளம்புவதும் அதுதான். எலுமிச்சையை எலுமிச்சை என்று காட்டிக்கொடுக்கிற சிட்ரால், எலுமிச்சை எண்ணெயில் சில சதவீதம்தான் இருக்கும். பெர்கமோட் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்; அதில் லிமோனீனோடு லினாலைல் அசிடேட்டும் கணிசமாக உண்டு. லாவெண்டரில் இருக்கும் அதே பொருள்.

கொலோன் என்று எழுதியிருந்தால் அதில் வாசனை எண்ணெய் பொதுவாக 2 முதல் 5 சதவீதம். அது நாள் முழுக்க நிற்பதற்காகச் செய்ததே இல்லை. நெப்போலியன் கொலோனைத் தண்ணீர் மாதிரி மேலே கொட்டிக்கொள்வாராம். அதை உபயோகிக்க வேண்டிய முறையே அதுதான். அடிக்கடி, தாராளமாக. இரண்டு சொட்டு வைத்துவிட்டு சாயங்காலம் வரை காத்திருந்தால் எப்படி?

ஒரு வேண்டுகோள்: அடித்ததும் இரண்டு மணிக்கட்டையும் போட்டுத் தேய்க்காதீர்கள். சூடு ஏறினால் ஓடுகிறவன் இன்னும் வேகமாக ஓடுவான். சட்டையில் அடித்தால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். வெள்ளைச் சட்டையானால் கறை படும், உள்பக்கம் அடியுங்கள்.

கேள்வி: ஒரே பாட்டிலில் நெரோலி, பெட்டிகிரெயின், ஆரஞ்சுப் பூ என்று மூன்று பெயர் போட்டிருக்கிறது. மூன்று மரமா?
– வி.எஸ்.

பதில்: ஒரே மரம். கசப்பு ஆரஞ்சு. பூவை நீராவியில் வடித்தால் நெரோலி. அதே பூவைக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்தால் ஆரஞ்சுப்பூ அப்சல்யூட். அது கனமானது, கொஞ்சம் மிருக வாடைகூட அடிக்கும். இலையையும் குச்சியையும் வடித்தால் பெட்டிகிரெயின். பிரெஞ்சில் அதற்கு ‘சிறுமணி’ என்று பொருள். ஒரு காலத்தில் மணி மணியான பிஞ்சுக் காய்களிலிருந்து எடுத்தார்கள், பெயர் நின்றுவிட்டது. பழத்தோலைப் பிழிந்தால் நான்காவதாக ஓர் எண்ணெய்.

நெரோலி விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு: ஏறக்குறைய ஒரு டன் பூவுக்கு ஒரு கிலோ எண்ணெய். துனீசியாவின் நபூல் பக்கம் வசந்தகாலத்தில் பூவைக் கையால்தான் பறிக்கிறார்கள். இத்தாலியின் நெரோலா ஊர்ப் பிரபுவை மணந்த சீமாட்டி ஒருத்தி 17ஆம் நூற்றாண்டில் தன் கையுறைக்கு இதைப் பூசப்போய், ஊர்ப்பெயர் எண்ணெய்க்கு வந்தது.

அரபியர் இந்த மரத்தைச் சிசிலிக்குக் கொண்டுபோனபோது ‘நாரஞ்’ என்றார்கள். இத்தாலியர் வாயில் அது ‘அரான்சா’ ஆனது. சொல்லைப் பின்னோக்கித் துரத்தினால் பாரசீகம், சமஸ்கிருதம் வழியாகத் திராவிட வேருக்குப் போகிறது என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. ‘நாரத்தை’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், காதே சொல்லிவிடும்.

கேள்வி: பெர்கமோட் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுக்கும் என்கிறார்களே?
– பெயர் வேண்டாம்

பதில்: உண்மைதான். பிழிந்தெடுத்த பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டென் என்று ஒரு பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சிவந்து, பிறகு கறுத்த தழும்பாக நிற்கும். கழுத்தில் பூசியது வழிந்தோடி, தொங்கட்டான் மாதிரித் தடம் விடுவதால் பிரெஞ்சில் தொங்கட்டானின் பெயரையே அந்த நோய்க்கு வைத்தார்கள். இப்போது பெரும்பாலும் பெர்காப்டென் நீக்கிய எண்ணெயைத்தான் போடுகிறார்கள். நீக்காததைப் போட்டால், வெயில் படும் தோலுக்கான பொருளில் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. வெறும் எண்ணெயை வாங்கி நேரடியாகத் தடவிக்கொள்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: எலுமிச்சைத் தோலை வோட்காவில் ஊறப்போட்டு நானே சென்ட் செய்யலாமா?
– டி.எம்.

பதில்: செய்யலாம். நன்றாக இருக்காது. கலாப்ரியாவில் ஒரு காலத்தில் பழத்தோலைக் கடற்பஞ்சின் மேல் வைத்துக் கையால் அழுத்தி, பஞ்சு குடித்த எண்ணெயைப் பிழிந்தெடுத்தார்கள். 1844இல் பாரில்லா என்பவர் இயந்திரம் செய்கிற வரைக்கும் மணிக்கட்டு போக அந்த வேலைதான். பெர்கமோட்டில் ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 200 கிலோ பழம். உங்கள் பாட்டிலில் ஆறு எலுமிச்சைத் தோல்தானே இருக்கிறது?

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்கள், வெயில் நிஜமாகவே இருக்கிற எலுமிச்சை சென்ட் ஒன்றைச் சொல்லுங்கள், பார்ப்போம்.
– எம்.

பதில்: சவாலா? தியோரின் ‘ஓ சோவாஜ்’. 1966இல் எட்மோன் ருத்னிட்ஸ்கா செய்தது. மேலே எலுமிச்சையும் பெர்கமோட்டும், கூடவே காய்ந்த மூலிகைகள். இடையில் ஹெடியோன் என்ற, மல்லிகையின் காற்று மட்டும் மாதிரியான செயற்கைப் பொருள். அடியில் பாசியும் வெட்டிவேரும். எலுமிச்சை போன பிறகும் வெளிச்சம் போகாது.

மரநிழல் வேண்டும் என்றால் ஏர்மெஸ் என்ற பிரெஞ்சு கம்பெனிக்காக ஜான் குளோத் எல்லேனா 2003இல் செய்த மத்தியதரைத் தோட்டம். அதில் முக்கியமானது எலுமிச்சை இல்லை, அத்தியிலை. கசக்கினால் பாலும் பச்சையுமாக வருமே, அது. நிஜ அத்தியிலை எண்ணெய் தோலுக்கு ஆகாது என்று சென்ட்டில் தடை செய்திருக்கிறார்கள்; ஆகவே பாட்டிலில் இருப்பது முழுக்க ஆய்வுக்கூடத்து அத்தி. எனக்கு அதில் புகார் கிடையாது. நிஜ மரத்தடியில் குளவி இருக்கும்.

கேள்வி: பாட்டிலை எங்கே வைப்பது?
– எல்.என்.

பதில்: இருட்டில், குளிர்ச்சியான இடத்தில், அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே. குளியலறை வேண்டாம், ஜன்னல் வேண்டவே வேண்டாம். லிமோனீன் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெடும். கெட்டது தோலில் அலர்ஜியும் கிளப்பும். கலாப்ரியாவில் வாங்கிய சின்னப் பாட்டிலை, கண்ணாடி அழகாக இருக்கிறது என்று, வெயில் விழுகிற ஜன்னலில் நான் ஒரு கோடை முழுக்க வைத்திருந்தேன். திறந்தால் டர்பன்டைன். இன்னும் எறியவில்லை. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, கெட்டுப்போன எலுமிச்சை எப்படி மணக்கும் என்று காட்ட அதைத்தான் நீட்டுகிறேன்.