காமா கதிர், பாசிட்ரான், கரும்பொருள்: கேள்வி பதில்

கேள்வி: காமா கதிரை லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாதாமே. அப்புறம் ஃபெர்மி தொலைநோக்கி எப்படிப் பார்க்கிறது?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. 2008-ல் ஏவப்பட்ட ஃபெர்மியின் முக்கியக் கருவியில் கண்ணாடியே கிடையாது. மெல்லிய டங்ஸ்டன் தகடு, சிலிக்கான் பட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். டங்ஸ்டன் அணுக்கருவை நெருங்கும் காமா கதிர் மறைந்து, ஒரு எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானும் பிறக்கும். இரண்டும் சிலிக்கானில் கவட்டை மாதிரிப் பிரிந்த தடம் பதிக்கும். அந்தத் தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் கதிர் வந்த திசை தெரியும். அடியிலுள்ள சீசியம் அயோடைடு படிகங்கள் ஆற்றலை அளக்கும். பாசிட்ரான் என்ற எதிர்ப்பொருள் பிறந்தால்தான் இங்கே காமா கதிரே பிடிபடும்.

கேள்வி: பாசிட்ரான் ஆபத்தானதா?

பதில்: மருத்துவமனை பெட் ஸ்கேனிலும் அதுதான் வேலை செய்கிறது. பயப்பட வேண்டாம்.

கேள்வி: ஏஎம்எஸ் கரும்பொருளைக் கண்டுபிடித்துவிட்டதா?

பதில்: இல்லை. கரும்பொருள் என்பது ஒளி தராத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள்; அதன் துகள்கள் மோதி அழிந்தால் பாசிட்ரான் பிறக்கலாம் என்பதால்தான் இந்தப் பேச்சு. 2011 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஏஎம்எஸ் கருவி, காந்தப்புலத்தில் விண்வெளித் துகள் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து பாசிட்ரானைப் பிரிக்கிறது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பாசிட்ரான்கள் வருகின்றன, அது உண்மை. ஆனால் 'அதிகம்' என்பது வேறு, 'கரும்பொருள்' என்பது வேறு. தலைப்புச் செய்தியை நம்பாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ஜெமிங்கா மாதிரிப் பக்கத்துப் பல்சர்தான் (வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்) காரணம் என்று முடித்துவிடலாமே?

பதில்: அவசரப்படாதீர்கள். 2017-ல் மெக்சிகோவின் ஹாக் ஆய்வகம் ஜெமிங்காவைச் சுற்றிப் பரந்த காமா ஒளியைக் கண்டது. பல்சரிலிருந்து கிளம்பிய எலெக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் அங்கேயே தேங்கி, மிக மெதுவாகப் பரவுவதன் அடையாளம் அது. வழி நெடுக அதே வேகம் என்றால் பூமிக்குப் போதுமான அளவு வந்து சேராது.

கேள்வி (அதே நண்பர்): பல்சர் இல்லையென்றால் கரும்பொருள்தானே?

பதில்: இந்தத் தாவலைத்தான் வேண்டாம் என்கிறேன். பல்சரை ஒட்டி மட்டும் மெதுவாகவும், வெளியே வழக்கமான வேகத்திலும் பரவினால் கணக்கு மாறிவிடும், பல்சர் திரும்பவும் பட்டியலுக்குள் வந்துவிடும். கரும்பொருள் அழிந்துதான் இத்தனை பாசிட்ரான் என்றால், பெரும்பாலான மாதிரிகளில் கூடவே காமா கதிரும் வர வேண்டும். கரும்பொருள் நிறைந்த குறு விண்மீன் மண்டலங்களை ஃபெர்மி ஆண்டுக்கணக்கில் பார்த்தும் உறுதியான காமா மிகை கிடைக்கவில்லை. எனக்குப் பல்சர் பக்கம்தான் சாய்வு.

கேள்வி: ஏஎம்எஸ் கண்டுபிடித்தது கரும்பொருள்தானே?

பதில்: மேலே பதில் இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: இந்தியாவில் காமா தொலைநோக்கி உண்டா?

பதில்: லடாக்கின் ஹன்லேயில் 21 மீட்டர் விட்டத்தில் மேஸ் இருக்கிறது. காமா கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது எழும் செரன்கோவ் ஒளி என்ற மங்கலான நீல மின்னலைப் பிடிக்கும். ஊட்டியில் கிரேப்ஸ்-3 இருக்கிறது, அது அந்த மாதிரி மோதலில் பிறந்து கீழே கொட்டும் துகள் பொழிவைத் தரையில் பிடிப்பது.