கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின்: விலை கூடினது வாங்கலாமா?

கேள்வி: உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும் எடை மெஷின் ஒன்று வாங்கினேன். காலையில் 31 காட்டுகிறது, அன்று ராத்திரியே 27. அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது, அந்தப் பயத்தில் வாங்கினது. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையிலும் பிடிக்கிற மாதிரி வரும் விலை கூடின மாடலுக்குப் போகலாமா?

பதில்: திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள், ஆனால் அந்தப் பணத்தை இன்னொரு மெஷினில் போடாதீர்கள்.

உங்கள் மெஷினில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. அது கொழுப்பை நேரடியாக அளப்பதே இல்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நமக்கு உறைக்காத அளவு மின்சாரம் விட்டு, வழியில் எவ்வளவு தடை என்று பார்க்கும். தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பில் திணறும், அவ்வளவுதான். அந்தத் தடையோடு நீங்கள் பதிந்த வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு எண்ணைச் சொல்கிறது. தூங்கி எழும்போது உடம்பில் தண்ணீர் கம்மி, எண் ஏறும். நாள் முழுக்கத் தின்று குடித்து, காலில் நீர் இறங்கின பிறகு ஏறி நின்றால் குறையும். ஒரு நாளில் நாலு சதவீதக் கொழுப்பு எங்கேயும் போய்விடாது! கைப்பிடி உள்ளதில் மின்சாரம் வயிற்றுப் பக்கமும் போகும், கொஞ்சம் தேவலை. ஆனாலும் அதுவும் கணிப்புதான்.

சரி, இதயத்துக்கு வருவோம். அங்கே கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். தோலுக்கடியில் தொடையில் சேர்வது அவ்வளவு ஆபத்தில்லை, வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்வதுதான் வம்பு. 52 நாடுகளில் சுமார் 27,000 பேரை வைத்துச் செய்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2005இலேயே சொன்னது, மாரடைப்பு அபாயத்தைக் காட்டுவதில், உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கை விட வயிற்றுச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் மேல் என்று. அதைவிட எளிய கணக்கும் உண்டு: வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2022இல் தந்த வழிகாட்டுதல். 160 செ.மீ. உயரமென்றால் 80க்குள்.

ஆக, வாங்க வேண்டியது தையல் டேப். பேன்ட் சைஸை நம்பாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்கிற அளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டையைத் தூக்கிவிட்டு, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது (எல்லாரும் எக்குவோம், அது வேறு விஷயம்).

மிச்சப் பணத்தில் ரத்தக் கொழுப்பும் சர்க்கரையும் டெஸ்ட் எடுங்கள், பிரஷரும் பாருங்கள். அப்பாவுக்கு வந்திருக்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், எத்தனை வயதில் என்று கேட்பார். அப்புறம், மெஷினைத் திருப்பி எடுக்காவிட்டால் வெறும் எடை பார்க்க வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு, இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் மட்டும் அவரை அதில் ஏற விடாதீர்கள், அது உடம்பில் மின்சாரம் விடுகிற மெஷின்.